முதல் மனிதன் நம் பக்கத்து ஆளா? மதுரை மரபணுச் செய்தியை முன்வைத்து ஒரு விவாதம்

கேள்வி: 2 மார்ச் 2024

மதுரைக்குப் பக்கத்தில் ஒருவரின் ரத்தத்தைச் சோதித்து, இந்தியாவுக்கு முதலில் வந்த மனிதரின் வாரிசு என்று கண்டுபிடித்தார்களே, அது போதாதா? முதல் மனிதன் தோன்றியது குமரிக்கண்டத்தில். அங்கிருந்துதான் ஆப்பிரிக்காவுக்கே போனான். ஆப்பிரிக்கா என்பது வெள்ளைக்காரன் எழுதிவைத்த கதை. மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வரட்டும்.

3 மார்ச், இரவு

தம்பி, நான் 31 வருடம் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் விலங்கியல் எடுத்தவள். அதில் பாதிக்கு மேல் உசிலம்பட்டி பக்கம். அந்தச் செய்தி வந்த காலத்தில் பத்திரிகையை வகுப்பில் தூக்கிக் காட்டி, "உலகத்தோட முதல் மனுசன் நம்ம பக்கத்து ஆளு" என்று பிளஸ் டூ பிள்ளைகளிடம் சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். கடைசி பெஞ்சில் ஒரு பெண் மட்டும் எழுந்து, "அப்ப அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க எங்கேர்ந்து வந்தாங்க டீச்சர்?" என்று கேட்டாள். அன்றைக்கு அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. அதனால்தான் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கண்டுபிடித்தது என்ன என்பதை முதலில் பார்ப்போம். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராமசாமி பிச்சப்பனும் அமெரிக்க மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸும் மதுரை வட்டாரத்து ஆண்களின் ரத்த மாதிரிகளை ஆராய்ந்தார்கள். ஒரு கிராமத்து இளைஞரின் ஒய் குரோமோசோமில், அதாவது ஆண்களுக்கு மட்டும் உள்ள மரபணுத் தொகுப்பில், எம்130 என்ற அடையாளம் இருந்தது. ஆஸ்திரேலியப் பழங்குடி ஆண்கள் பலரிடமும் அதே அடையாளம் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய ஒரு கூட்டம் 70,000 ஆண்டுகளுக்கு முன் கடற்கரையோரமாக இந்தியா வழியே ஆஸ்திரேலியா போயிருக்க வேண்டும், போகிற வழியில் இங்கே விட்ட தடம் இது என்றார்கள்.

நீங்கள் ஆதாரமாகக் காட்டும் அந்த ஆய்வே ஆப்பிரிக்காவில்தான் தொடங்குகிறது. அந்த முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாவது வரியை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

4 மார்ச்

குமரிக்கண்டம் பற்றி நேற்று எழுத நேரமில்லை. இதை நிதானமாகப் படியுங்கள்.

குமரிக்கண்டத்தோடு பலரும் சேர்த்துச் சொல்லும் லெமூரியா என்ற பெயரை 1864-இல் வைத்தவர் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர். குரங்குக்குத் தூரத்து உறவான லெமூர்கள் என்ற பிராணிகள் மடகாஸ்கரில் இருக்கின்றன. அவற்றின் உறவுக்காரப் பிராணிகள் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இருக்கின்றன. நடுவில் இவ்வளவு பெரிய கடல் கிடக்கும்போது எப்படிக் கடந்திருக்கும் என்று யோசித்து, இடையில் ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்கலாம் என்று சொன்னார். இந்தியப் பக்கத்து உறவு எது தெரியுமா? நம் தேவாங்கு. திண்டுக்கல் மாவட்டம் அய்யலூர்க் காட்டு ஓரத்தில் ஒரு ராத்திரி பார்த்திருக்கிறேன். டார்ச் வெளிச்சம் பட்டதும் முள்மரத்துக்குள் இரண்டு கண்கள் நெருப்புத் துண்டு மாதிரி சிவந்தன. அப்புறம் ஒரு கை மெதுவாக நீண்டு அடுத்த கிளையைப் பிடித்தது, குழந்தை கை மாதிரியே. ஒரு கண்டத்தையே கற்பனை செய்ய வைத்த பிராணி அது.

அந்த லெமூரியாவை மனித குலத்தின் தொட்டில் என்று எழுதியவர் ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் ஹேக்கல். ஆப்பிரிக்காவாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று டார்வின் 1871-இல் சொல்லியும் ஐரோப்பாவில் பலருக்கு மனசு வரவில்லை. ஹேக்கலின் எண்ணத்தில் ஈர்க்கப்பட்டு யூஜின் துபுவா ஆசியாவுக்குக் கப்பல் ஏறினார், 1891-இல் ஜாவாவில் ஆதிமனித மண்டையோடு எடுத்தார். 1912-இல் இங்கிலாந்தில் பில்டவுன் என்ற இடத்தில், மனித மண்டையோட்டையும் ஒராங்குட்டான் தாடையையும் சேர்த்து வைத்து ஆதிமனிதன் என்று காட்டினார்கள். மோசடி என்று நிரூபிக்க 1953 ஆயிற்று. இதற்கு நடுவே, 1924-இல் தென்னாப்பிரிக்காவின் டாங் என்ற இடத்தில் கிடைத்த குழந்தை மண்டையோட்டை ரேமண்ட் டார்ட் காட்டியபோது, அது குரங்குக் குட்டி என்று பெரியவர்கள் பலர் ஒதுக்கிவைத்தார்கள்.

ஆகவே தம்பி, வெள்ளைக்காரன் எழுதிவைத்த கதை எது என்று கேட்டால், லெமூரியாதான். ஆப்பிரிக்கா அவர்கள் நெடுநாள் ஒப்புக்கொள்ள மறுத்த உண்மை.

மடகாஸ்கரும் இந்தியாவும் ஒட்டியிருந்து பிரிந்தவை என்பது உண்மைதான். ஆனால் அது ஏறக்குறைய 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன். மனிதன் என்ன, குரங்கே அப்போது கிடையாது.

4 மார்ச், பின்குறிப்பு

தனிச்செய்தியில் ஒருவர் கோபமாகக் கேட்டதால் இதையும் சொல்கிறேன். கடல்கோள் பற்றிய நம் பழைய நினைவுகளை நான் பொய் என்று சொல்லவில்லை. 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இலங்கைக்கு நடந்தே போகலாம். குமரி முனைக்குத் தெற்கிலும் கொஞ்சம் தரை வெளியே தெரிந்தது. பனி உருகியபோது அதெல்லாம் தண்ணீருக்குள் போனது. கரை இழந்தது நிஜம். கண்டம் இழந்ததற்குத்தான் தடயம் இல்லை.

9 மார்ச்

நேற்று சிவராத்திரி. குலதெய்வக் கோயிலுக்குப் போய்விட்டு இன்று மதியம்தான் வந்தேன். அங்கே உட்கார்ந்திருக்கும்போது, எம்130-ஐ எப்படி விளக்குவது என்பது பிடிபட்டது.

கோயிலில் நாற்பது ஐம்பது குடும்பம் கூடியிருந்தது. எல்லாரும் பங்காளிகள். அப்பா, அப்பாவின் அப்பா, அவருடைய அப்பா என்று ஆண் வழியில் மட்டும் போகும் கயிறு அது. ஒய் குரோமோசோமும் அப்படியே, அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். எம்130 என்பது அந்தக் கயிற்றில் எப்போதோ விழுந்த ஒரு முடிச்சு. முடிச்சு விழுந்த ஆளின் ஆண் வாரிசு எங்கே இருந்தாலும் அது தெரியும்.

ஆனால் அந்தக் கோயிலில் நான் யார்? கல்யாணம் ஆகி வந்தவள். என் பிறந்த வீட்டுச் சாமி வேறு, என் அம்மா பிறந்த வீட்டுச் சாமி வேறு. என் மகன்கள் இந்தச் சாமியைக் கும்பிடுவதால் அவர்களுக்குள் என் பங்கு இல்லை என்று ஆகிவிடுமா? பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு முன்னோர் இடங்கள் 1,024. ஒய் குரோமோசோம் அதில் ஒரே ஒருவரைப் பற்றித்தான் பேசும். இருபது தலைமுறை என்றால் பத்து லட்சத்துக்கு மேல். அப்போதும் ஒரே ஒருவர்தான். மீதிப் பேர் எல்லாம் எங்கே?

அந்த இளைஞருக்கும் இது பொருந்தும். அவருடைய ஒரு கயிற்றில் பழைய முடிச்சு இருக்கிறது. மற்ற ஆயிரக்கணக்கான கயிறுகள் பக்கத்து வீட்டுக்காரருடையவையோடு பின்னிக் கிடக்கின்றன. கடைசி பெஞ்சுப் பெண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். அவருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் முன்னோர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள்.

10 மார்ச்

எம்130 பற்றி இன்னும் ஒன்று. இந்தியாவில் உள்ள கிளையும் ஆஸ்திரேலியக் கிளையும் அண்ணன் தம்பி மாதிரி. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கவில்லை. இதே பெரிய குடும்பத்தின் இன்னொரு கிளை மங்கோலியர்களிடம் நிறைய இருக்கிறது. ஸ்பெயினில் லா பிரான்யா குகையில் கிடைத்த 7,000 ஆண்டுப் பழைய வேட்டைக்காரர் ஒருவரிடமும் அந்தக் குடும்பத்துக் கிளை ஒன்று இருந்தது. 2014-இல் அவருடைய மரபணுவைப் படித்துப் பார்த்தபோது கறுத்த தோல், நீலக் கண் என்று வந்தது. ஐரோப்பாவில், 7,000 வருடத்துக்கு முன். இந்த வரியைப் படித்த அன்று நான் அடுப்பில் பாலை மறந்துவிட்டேன்.

17 மார்ச்: ஒரு திருத்தம்

மூன்றாம் தேதி "70,000 ஆண்டுகளுக்கு முன்" என்று எழுதினேன். அது அந்தக் காலத்துச் செய்திகளில் வந்த கணக்கு. இப்போது, ஆப்பிரிக்காவுக்கு வெளியே இருக்கும் நம் எல்லாருக்கும் பெரும்பங்கு முன்னோரான கூட்டம் கிளம்பியது 50,000 முதல் 70,000 ஆண்டுகளுக்குள் என்று பரவலாகச் சொல்கிறார்கள். அதற்கு முன்பும் போனவர்கள் உண்டு. இஸ்ரேலின் மிஸ்லியா குகையில் கிடைத்த தாடை எலும்புக்கு வயது 1,77,000-க்கும் 1,94,000-க்கும் இடையில். அப்படி முன்னால் போனவர்களின் சுவடு நம் உடம்பில் மிகக் கொஞ்சம், அல்லது இல்லை. எல்லாப் பயணமும் வம்சத்தில் முடிவதில்லை.

"ஆப்பிரிக்காவில் எந்த ஊர்?" என்று ஒரு சார் கேட்டிருந்தார். ஒரு ஊர் இல்லை சார். மொராக்கோவின் ஜெபல் இர்ஹூடில் கிடைத்தவர்கள் 3 லட்சம் ஆண்டுப் பழையவர்கள், 2017-இல்தான் அந்த வயது உறுதியானது. எத்தியோப்பியாவின் ஓமோ எலும்புகளுக்கு 1,95,000 என்று பாடம் நடத்தினேன். 2022-இல் அதைக் குறைந்தது 2,33,000 என்று மாற்றினார்கள். தென்னாப்பிரிக்காவின் புளோரிஸ்பாட் மண்டையோடு 2,60,000. வடக்கு, கிழக்கு, தெற்கு என்று கண்டம் முழுக்க விலகி இருந்த கூட்டங்கள் இடையிடையே கலந்து கலந்து உண்டானவர்கள்தான் நாம் என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். 2019-இல் போட்ஸ்வானாதான் பூர்வீகம் என்று ஒரு ஆய்வு வந்தது. தாய்வழி மரபணு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய முடிவு சொல்லலாமா என்று உடனே கேள்வி எழுந்தது. ஒற்றைக் கயிறு பிரச்சினை அங்கேயும்.

24 மார்ச்

தாய்வழி என்றதும் "உலகத்துக்கே ஒரு தாய்" என்பதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1987-இல் ரெபெக்கா கான், மார்க் ஸ்டோன்கிங், ஆலன் வில்சன் மூவரும், செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற சிறு உறுப்பின் மரபணுவை வைத்துப் போட்ட கணக்கு அது. எல்லா மனிதரின் அம்மா வழியும் ஏறத்தாழ 2 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் ஒருத்தியிடம் போய்ச் சேர்கிறது. அன்று பெண் என்று அவள் ஒருத்திதான் இருந்தாள் என்று நினைப்பவர்கள் நிறைய. இல்லை.

எங்கள் வீட்டில் ஒரு பித்தளைக் குடம் இருக்கிறது. என் அம்மாச்சி சீதனமாகக் கொண்டுவந்தது. கழுத்துக்குக் கீழே உளியால் புள்ளி புள்ளியாக அவர் பெயர் வெட்டியிருக்கும். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து முதல் எழுத்து மழுங்கிவிட்டது, விரலால் தடவினால்தான் தெரியும். அம்மாச்சி அதை அம்மாவுக்குக் கொடுத்தார், அம்மா எனக்குக் கொடுத்தார். எனக்கு இரண்டும் ஆண் பிள்ளைகள்.

மைட்டோகாண்ட்ரியா இந்தக் குடம் மாதிரி. அம்மாவிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும், ஆனால் மகள்தான் அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோவாள். என் மகன்களிடம் என்னுடையது இருக்கிறது. என் பேத்தியிடம் இல்லை, அவளிடம் இருப்பது என் மருமகளின் அம்மா வழி. என் வழியில் அது என் மகன்களோடு நின்றுவிடும். அதற்காக என் பேத்தி என் வாரிசு இல்லையா? என் நெற்றியும் என் பிடிவாதமும் அவளிடம் அப்படியே இருக்கின்றன. 2 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்தத் தாயோடு கூட வாழ்ந்த மற்ற பெண்களும் இப்படித்தான். அவர்களின் குடம் ஏதோ ஒரு தலைமுறையில் மகள் இல்லாமல் நின்றுபோனது. அவர்கள் நமக்குள் வேறு வழிகளில் இருக்கிறார்கள்.

26 மார்ச்

சரி, குடம் யாருக்கு என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். பேத்திக்குத்தான்.

7 ஏப்ரல்

"எல்லாரும் ஒன்று என்றால் ஏன் ஆள் ஆளுக்கு வேறு மாதிரி இருக்கிறோம்?" நியாயமான கேள்வி. இதற்குப் பள்ளியில் ஒரு வரியில் பதில் சொல்லிக் கடந்துவிட்டோம் என்று எனக்கு வருத்தம் உண்டு.

நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அக்கா நல்ல கறுப்பு, நான் மாநிறம். ஒரே அம்மா அப்பா. அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபி கொண்டுபோன என்னைப் பார்த்து "சின்னவளைக் கொடுப்பீர்களா" என்று கேட்டார்கள். அக்கா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று அவள் முகம் போன போக்கு இன்றும் என் கண்ணில் நிற்கிறது. இந்த இரண்டு நிறத்துக்கும் நடுவில் இருப்பது எவ்வளவு என்று பின்னாளில் படித்தேன். எஸ்எல்சி24ஏ5 என்று ஒரு மரபணு. அதில் ஒரே ஒரு எழுத்து மாறினால் தோல் வெளுக்கும். வரிக்குதிரை மீனில் தொடங்கி 2005-இல் மனிதரிடம் கண்டுபிடித்தார்கள். ஐரோப்பியரிடம் அது ஏறக்குறைய எல்லாருக்கும் உண்டு. தென்னிந்தியாவிலும் கணிசமாக உண்டு, ஐரோப்பியரிடம் இருப்பதும் நம்மிடம் இருப்பதும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று 2013-இல் உறுதி செய்தார்கள். நிறத்துக்கு வேறு பல மரபணுக்களும் சேர்கின்றன. எங்கள் இருவருக்குள் எது எப்படிப் பிரிந்தது என்று சோதித்துப் பார்த்ததில்லை. ஆனால் அப்படிச் சில எழுத்துகளுக்காகத்தான் அக்கா நாலு வருடம் காத்திருந்தாள்.

கடும் வெயிலில் கறுத்த தோல் உடம்பிலுள்ள ஃபோலேட் என்ற சத்தைக் காக்கிறது. வெயில் குறைந்த நாட்டில் வெளுத்த தோல் வைட்டமின் டி உண்டாக்க உதவுகிறது. நிறம் வெயிலின் கணக்கு. வம்சத்தின் கணக்கு அதில் மிகக் கொஞ்சம்.

8 ஏப்ரல்

இன்னொரு உதாரணம். அந்தமானின் ஒங்கே மக்களைப் பார்த்தால் சுருட்டை முடி, கறுத்த தோல், குட்டை உருவம், ஆப்பிரிக்காவிலிருந்து நேற்று வந்தவர்கள் என்று தோன்றும். மரபணுவில் அவர்கள் ஆப்பிரிக்கரைவிட நமக்கும் மற்ற ஆசியருக்கும்தான் நெருக்கம். கண் ஏமாற்றும்.

அதேபோல, 1952-இல் நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் அணு ரத்தக் குணத்தை (சிவப்பணு அரிவாள் மாதிரி வளையும் பரம்பரைக் குணம்) லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் கண்டபோது, ஆப்பிரிக்க உறவு என்று பேச்சு கிளம்பியது. மலேரியா இருந்த இடங்களில் அந்தக் குணம் உயிரைக் காப்பாற்றியதால் நிலைத்தது. கொசு இருந்த இடத்தின் அடையாளம் அது.

14 ஏப்ரல்

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்து. வெயிலில் எழுத முடியவில்லை. ஒரே ஒரு எண் மட்டும் சொல்கிறேன். 1972-இல் மரபியலாளர் ரிச்சர்ட் லெவொன்டின் போட்ட கணக்குப்படி மனித மரபு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 சதவீதம் ஒரே கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. "இனம்" என்று பிரிப்பதற்கு மிஞ்சுவது ஆறு சதவீதம் போல.

16 ஏப்ரல்

மேலே சொன்னதற்கு ஒருவர் நல்ல மறுப்பு வைத்திருக்கிறார். அப்படியென்றால் எச்சிலைத் துப்பி அனுப்பினால் எந்தப் பகுதி ஆள் என்று கம்பெனிக்காரன் எப்படிச் சொல்கிறான்? இரண்டு நாள் யோசித்தேன். மறுப்பு சரிதான். ஒரு மரபணுவை மட்டும் பார்த்தால் ஒன்றும் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன வேறுபாடுகளைச் சேர்த்துப் பார்த்தால் முன்னோர் எந்தப் பக்கம் என்று ஊகிக்கலாம். ஏ.டபிள்யூ.எஃப். எட்வர்ட்ஸ் 2003-இல் இதைத்தான் சொன்னார். பேச்சை வைத்து இவர் திருநெல்வேலி, இவர் கோயம்புத்தூர் என்று நாம் கண்டுபிடிக்கிறோம் இல்லையா? அதற்காக இரண்டும் வேறு மொழி ஆகிவிடாது. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று ரோட்டில் கோடு போடவும் முடியாது. ஆகவே என் 14-ஆம் தேதிக் குறிப்பைப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள், இது மீதிப் பாதி.

28 ஏப்ரல்

நியாண்டர்தால் என்ற, மறைந்துபோன இன்னொரு மனித இனம் பற்றிக் கேட்ட தங்கைக்கு: அவர்களின் மரபணு நமக்குள்ளும் உண்டு. ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ள எல்லாரிடமும் ஏறத்தாழ இரண்டு சதவீதம். ஸ்வாந்தே பேபோவின் குழு 2010-இல் காட்டியது, 2022-இல் அவருக்கு நோபல் பரிசு. கொரோனா கடுமையாகும் அபாயத்தைக் கூட்டும் ஒரு துண்டு மூன்றாம் குரோமோசோமில் இருக்கிறது. அதுவும் நியாண்டர்தாலிடமிருந்து வந்தது. தெற்காசியாவில் பாதிப் பேரிடம் அதன் ஒரு நகலாவது உண்டு, ஐரோப்பாவில் 16 சதவீதம் பேரிடம். படித்தபோது 2021 மே மாதம் ஞாபகம் வந்தது. என்னோடு வேலை பார்த்த இருவர் அந்த மாதம் போனார்கள். ஆனால் அவர்கள் போனதற்கு நியாண்டர்தாலைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டு பேருக்குமே படுக்கை கிடைக்கவில்லை.

12 மே

இவ்வளவு நாள் எழுதாமல் ஒதுக்கி வைத்திருந்ததை இன்று எழுதுகிறேன். இந்த இழையில் எனக்கு முக்கியமானது இதுதான்.

என்னோடு பணிபுரிந்த ஆசிரியை ஒருவர், தெலுங்கு பேசும் வைசியக் குடும்பம். பல வருடத்துக்கு முன் அவருக்கு ஒரு சின்ன அறுவை சிகிச்சை. குழாய் வைப்பதற்காகத் தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் ஊசி போட்டிருக்கிறார்கள். சில நிமிடத்தில் தெளிய வேண்டிய மருந்து. அவருக்கு மணிக்கணக்கில் தெளியவில்லை. மூச்சுத் தசை அசையாமல் வென்டிலேட்டரில் கிடந்தார். வெளியே பெஞ்சில் அவருடைய கணவரோடு நானும் இருந்தேன். கடவுள் புண்ணியம், பிழைத்துவிட்டார். காரணம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

அந்த மருந்தை உடைக்கும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. வைசியரிடம் அது அதிகம். ஏன் என்று மரபியலாளர்கள் டேவிட் ரைக், குமாரசாமி தங்கராஜ் குழுவினரின் 2009 ஆய்வைப் படித்தபோது புரிந்தது. ஒரு சிறிய கூட்டம் இரண்டாயிரம், மூவாயிரம் ஆண்டுகளாக வெளியே பெண் கொடுக்காமல் எடுக்காமல் இருந்தால், தொடக்கத்தில் யாரோ ஒருவரிடம் இருந்த அரிய குறை எல்லா வீட்டிலும் புகுந்துவிடும். இது அவர்களுக்கு மட்டும் இல்லை. 2017-இல் தெற்காசியாவின் 263 குழுக்களைப் பார்த்ததில், 81 குழுக்களில் இப்படி உள்ளுக்குள்ளேயே அடைபட்டதன் தாக்கம் பின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் மிஞ்சியது. மரபு நோய் ஆய்வில் உலகமே உதாரணம் காட்டும் இரண்டு கூட்டங்கள் அவை.

அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் கல்யாணம் வேறு விஷயம். அதிலும் ஆபத்து உண்டு, அது ஒரு வீட்டுக்குள் நடப்பது. நான் சொல்வது, சொந்தமே இல்லை என்று நினைத்துச் செய்யும் சாதிக்குள் கல்யாணம். அவர்கள் தூரத்துச் சொந்தமாகவே இருப்பார்கள்.

இதைவிட என்னைத் தூங்கவிடாதது 2013-இல் பிரியா மூர்ஜானி முதலானோர் சொன்னது. ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை இந்தியாவில் வடக்கத்திய மூதாதையரும் தெற்கத்திய மூதாதையரும் தாராளமாகக் கலந்தார்கள். பழங்குடி உட்பட, இந்தியப் பெருநிலத்தில் அவர்கள் பார்த்த எந்தக் கூட்டமும் கலப்பில்லாமல் இல்லை. அப்புறம்தான் கதவு சாத்தியது. நாம் "ஆதியிலிருந்து வேறு" என்று நினைக்கும் வேற்றுமை அறுபதாயிரம் வருடப் பயணத்தில் வந்ததல்ல. கடைசி இரண்டாயிரம் வருடத்தில், கல்யாணத் தரகர் வாசலில் நின்று கேட்கும் அந்த முதல் கேள்வியால் வந்தது.

13 மே

நேற்றைய குறிப்புக்கு வந்த வசவுகளைப் படித்தேன். "எங்கள் ரத்தம் சுத்தம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, உங்கள் குடும்பத்தில் யாருக்காவது அறுவை சிகிச்சை என்றால், முன்பு மயக்க மருந்தில் யாருக்கும் பிரச்சினை வந்ததா என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

30 மே

1863-இல் இதே நாளில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். கைக்கோடரி. இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று உண்டு என்பதே அன்றுதான் தெரிந்தது. அதே வருடம் திருவள்ளூர்ப் பக்கத்து அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகள் கிடைத்தன.

தம்பி, நீங்கள் புதிதாக "அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டு, அப்போ தமிழன் மூத்தவன்" என்று போட்டிருக்கிறீர்கள். தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே உழைத்துக் கொண்டுவந்த வயதுகள் எனக்கும் பெருமைதான். கீழ் அடுக்கில் 15 லட்சம் ஆண்டு, அடுத்த வகைக் கருவிகள் 3,85,000 ஆண்டு. ஆனால் அங்கே மனித எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 15 லட்சம் ஆண்டுக்கு முன் நம் இனமே பிறக்கவில்லை. செய்தது நமக்கு முந்திய வேறொரு மனித இனம்.

ஒருமுறை அந்த வகைக் கல் ஒன்றை ஆசிரியர் பயிற்சியில் கையில் கொடுத்தார்கள். மஞ்சள் கலந்த கல், உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது, நினைத்ததைவிடக் கனம். எப்படிப் பிடிப்பது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் பெருவிரல் தானாகப் போய் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தது. செய்தவர் தமிழரா என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அவருக்கும் வலது கைதானோ என்றுதான் நினைத்தேன்.

16 ஜூன்

ஊசி தெளியாமல் கிடந்த அந்த ஆசிரியையிடம் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். அவர் பேசாமல் கேட்டுவிட்டு, தன் தம்பி வீட்டுக்குப் போன் போட்டார். போன வாரம் தம்பியின் இரண்டு பிள்ளைகளுக்கும் ரத்தம் எடுத்து நொதி அளவு பார்த்திருக்கிறார்கள். பெரியவனுக்குச் சரியாக இருக்கிறது. சின்னவளுக்கு மிகக் குறைவு. அவளுடைய மருத்துவக் கோப்பின் அட்டையிலும் பள்ளி அடையாள அட்டையின் பின்பக்கத்திலும் மருந்தின் பெயரைச் சிவப்பு மையில் எழுதி ஒட்டிவிட்டார்களாம். நேற்று எனக்குப் படம் அனுப்பினார்கள். எழுத்துப் பிழை இருந்தது, திருத்தி அனுப்பினேன்.